வெள்ளைக் குளோவர்: மூன்று மாரியும் மூன்று கோடையும் பார்த்த பிறகு

வன்னியில் மல்லாவிப் பக்கம் வளவு வைத்திருப்பவர்களுக்குக் கோடைப் புழுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் சோளகம் தொடங்கினால் கிரவல் றோட்டு முழுவதும் எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். 2021 இல் இரசாயன உரம் தடைப்பட்டபோது தென்னைக்கு யூரியாவும் இல்லை. வெள்ளைக் குளோவர் (white clover) என்ற படரும் செடி நிலத்தையும் மூடும், காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கும் தரும் என்று வாசித்ததும் ஆசை வந்துவிட்டது. கொழும்புக் கடை ஒன்றிலிருந்து தபாலில் விதை எடுத்தேன். 'எந்தக் காலநிலைக்கும் ஏற்றது' என்று பைக்கற்றில் போட்டிருந்தது.

விதை எள்ளைவிடச் சிறியது. ஒரு கிலோவில் சுமார் 15 இலட்சம் இருக்கும். மணலோடு கலந்து ஐப்பசியில் மேலாகத் தூவினேன். அன்றிரவே பெருமழை. பாதி விதை வெள்ளத்தோடு போய் வேலி மூலையில் கீரைப்பாத்தி போல முளைத்தது! அடுத்த வருடம் மழை தணிந்த கார்த்திகைக் கடைசியில் விதைத்தேன், அதுதான் சரி.

மார்கழி, தை இரண்டு மாதமும் குறை சொல்ல ஏதுமில்லை. மூன்று இலைக்கூறும் அவற்றில் வெள்ளைக் கோடுமாக, வெறுங்காலுக்குக் குளிர்ச்சியான பச்சைப்பாய். பூ மட்டும் விரல்விட்டு எண்ணலாம். பெரும்பாலும் பகல் நீண்டுவரும்போது பூக்கும் செடி அது, எங்களுக்கோ வருடம் முழுவதும் ஏறக்குறைய 12 மணித்தியாலப் பகல். அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. விடியக் கூட்டிய வெறும் மணல்தான் அவவுக்கு முற்றம். "தம்பி, இதுக்குள்ள பாம்பு கிடந்தா எப்பிடித் தெரியும்?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

பங்குனியோடு கதை மாறியது. 20 முதல் 25 பாகை வெப்பத்தில் நன்றாக வளரும் செடி, வேரும் ஆழம் போகாது. எங்கள் சித்திரை 35 ஐத் தொடும். காலையும் மாலையும் மோட்டர் போட்டு ஊற்றிப் பார்த்தேன். ஆடியில் கிணறு கீழே போனதும் விட்டுவிட்டேன். கிணற்றடியில், வாழை நிழலில் ஒரு பாய் அளவு மட்டும் தப்பியது. மூன்று கோடையிலும் இதே கணக்குத்தான்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் நைதரசன்தான். நைதரசனைப் பிடிக்கும் பற்றீரியா குடியிருப்பது வேர்முடிச்சுகளில். இரண்டாம் வருடம் சில செடிகளைப் பிடுங்கி அவற்றைப் பிளந்தேன். வேலை செய்யும் முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இதிலிருந்த ஒன்றிரண்டும் வெளிறிக் கிடந்தன. பக்கத்துப் பாத்தியில் கச்சானை (நிலக்கடலையை) பிடுங்கினால் வேர் நிறையச் சிவந்த முடிச்சுகள். குளோவருக்கு வேண்டிய பற்றீரியா வேறு இனம், எங்கள் மண்ணில் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். விதையோடும் அதைச் சேர்த்துத் தரவில்லை.

உண்மையில் இதை ரசித்தவை கட்டாக்காலி மாடுகள். படலை திறந்து கிடந்த ஓர் இரவில் முழுவதையும் வழித்துவிட்டுப் போயின. (இதை மட்டும் நிறையத் தின்றால் மாட்டுக்கு வயிறு ஊதும். சொன்னால் கேட்கவா போகின்றன?)

குளோவர் கருகிய இடங்களில் பொடுதலை தானாகப் படர்ந்தது, குளக்கரைகளில் பார்ப்போமே, அதுதான். மூன்றாவது கோடையில் கிழமைக்கு ஒருமுறை உடுப்புத் தோய்த்த தண்ணீரை ஊற்றியதோடு சரி, பச்சை போகவில்லை. நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும், காலையில் அதன் சின்னப் பூக்களில் தேனீ மொய்க்கும். பொடுகு எண்ணெய் காய்ச்ச உதவுவதால் அம்மாவும் சமாதானம். நைதரசன் தராதுதான். அதற்குப் பதிலாகத் தென்னைக்குக் கிளிரிசிடியா மரத்துக் குழையை வெட்டிப் பசளையாகப் போடுகிறேன்.

நுவரெலியாக் குளிரில் குளோவர் புல்லோடு புல்லாக நிற்கும், அங்கே வளவு இருந்தால் யோசிக்காமல் போடலாம். வன்னியில் காசு கொடுத்து வாங்காதீர்கள். என்னிடம் அரைப் பைக்கற் மிச்சம் இருக்கிறது, இந்த மாரிக்கு ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் விதைக்கச் சொல்கிறா அம்மா.