கேடென்லைவ்: பழைய லேப்டாப்பில் எடிட் செய்த பாசிப் படம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, எங்கள் போட்டு கரையில் கிடக்கும். அந்த 61 நாளும் வலை பொத்துகிற நேரம் போக மீதி எல்லாம் டீக்கடைதான். இந்தத் தடைக்காலத்தில் நான் உருப்படியாக வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன், காரணம் எங்கள் அத்தை. பாம்பன் சின்னப்பாலத்தில் சின்ன வயதிலிருந்து கடற்பாசி எடுக்கிறவர், இனிமேல் கடலில் இறங்க முடியாது, முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டார். பங்குனியில் போனில் எடுத்து வைத்த இரண்டு மணி நேர வீடியோவைப் பேரப்பிள்ளைகள் பார்க்கிற மாதிரி பத்து நிமிடமாக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

முதலில் போனிலேயே ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தேன், பேர் வேண்டாம். ‘கொண்டல் காற்று’ என்று தலைப்பு அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ‘க’ அநாதையாக நிற்கிறது. மூலையில் அவர்கள் முத்திரை வேறு, அதை எடுக்க மாதச் சந்தா. தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப்பில் கேடென்லைவ் இறக்கினேன். கேடிஇ என்ற குழுவினர் செய்கிற கட்டற்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், காசும் இல்லை முத்திரையும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அதே தலைப்பு கொம்பும் காலுமாக ஒழுங்காக வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனசு நிறைந்துவிட்டது.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான், வீடியோவை ஓடவிட்டால் திணறியது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதாக ஒரு நகல் செய்துகொண்டு அதை வைத்து வேலை வாங்குகிறது, கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது ஒரிஜினலில் இருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். போனில் எடுக்கிற வீடியோவில் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்பது ஒரே சீராக இருக்காது, கூடிக் குறையும். கிளிப்பை உள்ளே போடும்போதே ‘எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவா’ என்று கேடென்லைவ் கேட்டது, நான் அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டேன். ஆறாவது நிமிடத்தில் அத்தையின் வாய் ஒன்று பேச, குரல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நாலு நாள் வேலை போச்சு. மாற்றினால் ஃபைல் பெரிதாகும், ஹார்ட் டிஸ்கில் இடம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றிவிடுங்கள்.

கடற்கரையில் எடுத்தால் காற்று மைக்கில் மோதி வரும் அந்த ‘புர்ர்’ சத்தம் இன்னொரு தலைவலி. அது பெரும்பாலும் கனத்த அடிச்சத்தம் என்பதால் அடிச்சத்தத்தைக் குறைக்கிற ஹை பாஸ் ஃபில்டரை 120 ஹெர்ட்ஸில் வைத்தேன், குரல் மேலே வந்தது. முழுக்கப் போகவில்லை. சத்தம் உடைந்தே பதிவான இடங்களை எதுவும் காப்பாற்றாது, வெட்டித்தான் எறிய வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: அத்தை விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, அலுமினியத் தட்டைப் பாதத்தில் வைத்துக் கட்டுவார், மீன் துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளுவதற்கு. அந்த முடிச்சு இறுகும்போதே அடுத்த காட்சியின் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜி அழுத்தினால் படமும் சத்தமும் பிரியும், சத்தத்தை மட்டும் ஒரு நொடி முன்னால் இழுத்துவிட்டேன். இதைச் செய்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

குறை என்றால், சின்ன ஸ்க்ரீனில் ஜன்னல்கள் நெருக்கியடிக்கும், எஃபெக்ட் பட்டியலில் பாதி எதற்கென்றே புரியாது. ப்ராஜெக்ட் ஃபைலில் வீடியோ இருக்காது, எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும், அதனால் ஃபோல்டரை இடம் மாற்றாதீர்கள்.

அத்தையிடம் போட்டுக் காட்டினேன். மூணாவது நிமிடத்திலேயே நிறுத்தச் சொன்னார். “மரிக்கொழுந்தப் பத்திப் பேசுறேன், நீ கட்டக்கோரையக் காட்டுறியேடா தம்பி.” இரண்டும் வேறு வேறு பாசி. கிளிப்பை மாற்ற இரண்டு நிமிடம், மறுபடி படத்தை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம். அதுவரை அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.