டிசிசி, மோட்டரோலா, எம்எஃப்எக்ஸ், செலக்ட்ரிக்ஸ்: எந்தக் குறையோடு காலம் தள்ளலாம்?

மாடல் ரயிலை டிஜிட்டலுக்கு (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பி ஓட்டும் முறைக்கு) மாற்றப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வசதிகளை அல்ல, குறைகளை. இருபது இன்ஜினில் டிகோடர் (கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை இயக்கும் சிறு மின்பலகை) மாட்டி முடித்த பிறகு வேறு நெறிமுறைக்குத் தாவுவது பெரிய செலவு. அதனால் இந்த நான்கு நெறிமுறைகளின் குறைகளை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பெரும்பாலானவர்கள் போய் நிற்கும் இடம் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்). ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் பொதுத் தரமாக அறிவித்தது. மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றாகவே ஓடுகின்றன. ஒரு கட்டளை போய்ச் சேர ஏறத்தாழ 6 முதல் 9 மில்லி விநாடி ஆகும். அதாவது விநாடிக்கு நூறு, நூற்றைம்பது கட்டளைகள்தான். ஐந்து இன்ஜினுக்கு இது தாராளம். முப்பது இன்ஜின், ஒவ்வொன்றிலும் விளக்கு, ஹார்ன், சத்தம் என்றால் வரிசை நீண்டுவிடும். நாம் புதிதாகக் கொடுக்கும் கட்டளையைக் கமாண்ட் ஸ்டேஷன் (கட்டளைகளை அனுப்பும் மையக் கருவி) முன்னால் தள்ளிவிடுவதால் சாதாரணமாக இது தெரியாது. அழுக்கான இடத்தில் இன்ஜின் அந்தக் கட்டளையைத் தவறவிட்டால்தான் தெரியும். அதே கட்டளை அடுத்த சுற்றில் மறுபடி வரும்வரை அது பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

டிசிசியின் ஆதாரக் குறையே இதுதான்: பேச்சு ஒருவழி. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று கமாண்ட் ஸ்டேஷனுக்குத் தெரியாது. டிகோடரைத் திரும்பப் பேச வைக்கும், பிற்பாடு வந்த ரெயில்காம் இதற்கு மருந்து. ஆனால் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் ஊட்டும் கருவி), டிகோடர் இரண்டும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். டிகோடரில் எழுதிய மதிப்பைத் திரும்பப் படிக்கும் பழைய முறையைப் பாருங்கள். புரோகிராமிங் தண்டவாளத்தில் டிகோடர் மோட்டாரை 6 மில்லி விநாடி உதறி 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அதுதான் 'ஆமாம்' என்ற பதில். கண்ணுக்கு எதிரே இன்ஜின் லேசாகத் துடிப்பது தெரியும். குறைவாக மின்சாரம் இழுக்கும் நுண்ணிய மோட்டார் என்றால் அந்தப் பதில் கேட்காமலே போகலாம்.

அடுத்தது சிவி, அதாவது டிகோடர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குள் எழுதும் அமைப்பு எண்கள். வேகத்தைக் கூட்டக் கூட்ட முன்விளக்கு ஒரு படியில் எரிந்து அடுத்த படியில் அணைகிறதா? பல்பில் கோளாறில்லை. வேகத்தை 14 படிகளாகப் பிரிக்கும் முறையில் கட்டளைக்குள் விளக்குக்கு ஒதுக்கிய அதே பிட், 28 படி முறையில் வேகத்தின் பகுதியாகிவிடும். கமாண்ட் ஸ்டேஷன் 28 என்று நினைக்கிறது, டிகோடர் 14 என்று நினைக்கிறது. சிவி 29-ஐச் சரிசெய்தால் தீர்ந்தது. அந்த ஒரே சிவியில் திசை, வேகப் படி, அனலாக் (டிஜிட்டல் அல்லாத சாதாரண மின்சாரத்தில் ஓடுவது) அனுமதி, நீள முகவரி (இன்ஜினை அழைக்கும் பெரிய எண்) எல்லாம் கூட்டல் கணக்காக அடைந்து கிடக்கின்றன. 28 படிக்கு 2, அனலாக்குக்கு 4, நீள முகவரிக்கு 32, ஆக 38. ஓர் இன்ஜின் தானாகவே முழு வேகத்தில் பாய்ந்தால் அந்த 4-ஐக் கழித்து 34 எழுதிப் பாருங்கள். டிகோடர் ஏதோ இரைச்சலைச் சாதாரண மின்சாரம் என்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். புதிதாக வருபவரை மிரட்டுவது இந்தக் கணக்குதான், அது நியாயமான புகார்.

வண்டி சுற்றித் திரும்பி அதே பாதையில் சேரும் சுழல்பாதையில், இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆவதையும் டிசிசியின் கணக்கில் எழுதுகிறார்கள். அது நெறிமுறையின் குறையல்ல, இரண்டு தண்டவாள முறையின் குறை. ஜெர்மன் மாடல் ரயில் நிறுவனமான மெர்க்லினின் மூன்று தொடுகை முறையில் (நடுவில் தனித் தொடுகை, இரு தண்டவாளமும் ஒரே துருவம்) அந்தத் தொல்லையே கிடையாது.

மெர்க்லின் 1980-களின் நடுவில் கொண்டுவந்த மோட்டரோலா முறைக்கு வேறு வியாதி. 80 முகவரி, 14 வேகப் படி. படிகள் குறைவு என்பதால் மெதுவாகக் கிளம்பும்போது குலுக்கல் தெரியும். அதைவிட மோசம், முதல் பதிப்பில் 'முன்னால் போ' என்ற கட்டளையே இல்லை, 'திசையை மாற்று' என்பது மட்டும்தான். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது இன்ஜினுக்கு மட்டுமே தெரியும். இரண்டு இன்ஜினைச் சேர்த்து ஒரு வண்டியை இழுக்க வைத்து, அதில் ஒன்று திசைக் கட்டளையைத் தவறவிட்டால் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். இரண்டாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர் மோட்டரோலாவில் தொடங்கக் காரணமே இல்லை.

2004-இல் மெர்க்லின் கொண்டுவந்த எம்எஃப்எக்ஸ் அந்தக் குறைகளை ஒரே வீச்சில் தீர்த்தது. இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தால் தன் பெயரைச் சொல்லித் தானே பதிவாகிக்கொள்கிறது. முகவரிக் கவலை இல்லை. ஆனால் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும், நண்பர் வீட்டு மேசைக்குக் கொண்டுபோனால் மறுபடி முதலிலிருந்து. என்னை உறுத்துவது வேறு: டிசிசி போல இது எல்லோருக்குமான பொதுத் தரம் அல்ல. பழுதானால் மாற்று டிகோடருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய தயாரிப்பாளர்களைத்தான் நாட முடியும்.

செலக்ட்ரிக்ஸைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். 1980-களில் டிரிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்தது. ஓர் இன்ஜின் இருந்தாலும் நூறு இருந்தாலும் அதே 76.8 மில்லி விநாடிச் சுற்று, விநாடிக்கு 13 முறை எல்லா முகவரிக்கும் செய்தி போய்விடும். டிசிசியின் வரிசைத் தொல்லை இதில் இல்லை. டிகோடர்களும் என், இசட் என்னும் மிகச் சிறிய அளவு இன்ஜினுக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியவை. ஆனால் மூல வடிவத்தில் 31 வேகப் படி, விளக்கு, ஹார்ன், அவ்வளவுதான். பத்து வகை சத்தம் கேட்கும் காலத்தில் அது போதவில்லை.

என் தேர்வு டிசிசி. அதன் குறைகள் எண்ணிக்கையில் அதிகம்தான். ஆனால் அழுக்கைத் துடைக்கலாம், இன்ஜினுக்குள் கெப்பாசிட்டர் வைத்து அரை விநாடி தாங்க வைக்கலாம், லேஅவுட்டைப் பிரித்துப் பகுதிக்கொரு பூஸ்டர் கொடுக்கலாம், சிவி 29-ஐக் கூட்டிக் கழிக்கலாம். எல்லாம் என் கைக்கு எட்டும் குறைகள். ஏற்கெனவே அலமாரி நிறைய மெர்க்லின் வைத்திருப்பவருக்கு மட்டும் எம்எஃப்எக்ஸிலேயே இருங்கள் என்பேன். மெர்க்லினின் புதிய டிகோடர்கள் பல டிசிசியையும் புரிந்துகொள்கின்றன, அதனால் பின்னால் மனம் மாறினாலும் அந்த இன்ஜின்கள் வீணாகாது.