கிரெடிட்டுக்கு இன்டர்ன்ஷிப்பா, கோ-ஆப்பா, இரண்டும் வேண்டாமா?

அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும். கோடையில் இன்டர்ன்ஷிப் செய்து அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு) வாங்குவதா? வகுப்புகளை ஒரு செமஸ்டர் தள்ளிவைத்துவிட்டுக் கோ-ஆப், அதாவது படிப்பின் நடுவே பல மாத முழு நேர வேலைக்குப் போவதா? கிரெடிட்டே வேண்டாம், வேலையும் சம்பளமும் போதும் என்று விட்டுவிடுவதா? மூன்றிலும் செய்யும் வேலை ஒன்றாகவே இருக்கலாம். பணம் எந்தப் பக்கம் போகிறது, பட்டம் எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் கிரெடிட் இன்டர்ன்ஷிப். அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். கூட்டினால் 45 மணி நேரம். பல கல்லூரிகள் இதை ஒட்டியே 40 முதல் 50 மணி நேர வேலைக்கு ஒரு கிரெடிட் என்று வைத்திருக்கின்றன. ஆக 3 கிரெடிட்டுக்குச் சுமார் 135 மணி நேரம் போதும். கோடையில் வாரம் 40 மணி வீதம் 10 வாரம், அதாவது 400 மணி நேரம் உழைத்தாலும் கிரெடிட் அந்த அளவுக்கு ஏறாது. கல்லூரி வைத்த உச்சவரம்பு ஒன்று குறுக்கே நிற்கும்.

அப்புறம், அந்தக் கிரெடிட் சும்மா வருவதில்லை. கோடையில் பெரும்பாலும் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக ட்யூஷன் (கல்விக் கட்டணம்) கட்ட வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால் வேலையும் பார்த்து, பார்த்ததற்குக் கட்டணமும் செலுத்துகிற கூத்து. செமஸ்டருக்கு ஒரே கட்டணம் என்று வாங்கும் கல்லூரியாக இருந்தால் அதே இன்டர்ன்ஷிப்பை செமஸ்டருக்குள் பகுதி நேரமாக வைத்துக்கொள்ளலாம். கிரெடிட் வரம்பைத் தாண்டாதவரை கூடுதல் செலவு இல்லை.

அதைவிட முக்கியமானது, கிடைக்கும் கிரெடிட் எந்தப் பாடத்தின் இடத்தில் உட்காருகிறது என்பது. மேஜருக்கு (முதன்மைத் துறைக்கு) கட்டாயமான ஒரு பாடத்துக்குப் பதிலாக நின்றால் கட்டிய பணத்துக்கு அர்த்தம் உண்டு. ஃப்ரீ எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கணக்கில் விழுந்து, அந்த எலெக்டிவ்கள் உங்களுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தால் டிரான்ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். அட்வைசரிடம் “கிரெடிட் கிடைக்குமா?” என்று கேட்டால் ஆமாம் என்பார். “பட்டத்துக்கான தேவைகளில் இது எதைக் கழிக்கும்?” என்று கேளுங்கள்.

வேலை முடிந்தபின் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிரெடிட் தரமாட்டார்கள். தொடங்கும் முன்பே கற்றல் ஒப்பந்தம் என்ற படிவத்தில் மாணவர், பேராசிரியர், நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். “மார்க்கெட்டிங் குழுவுக்கு உதவுவேன்” என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். “வாராந்திர விற்பனைத் தரவைத் தொகுத்து, மாத இறுதியில் குழுவின் முன் விளக்குவேன்” என்பது போல எழுத வேண்டும். இதோடு மணிக்கணக்குப் பதிவேடு, இறுதிக் கட்டுரை. மதிப்பெண் பல இடங்களில் பாஸ்-ஃபெயில் மட்டும், சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவை உயர்த்தாது.

கிரெடிட் கிடைக்கிறதே, அதனால் சம்பளம் கிடையாது என்று சில நிறுவனங்கள் சொல்லும். அது அவ்வளவு எளிதல்ல. சம்பளம் தர வேண்டுமா என்று முடிவுசெய்ய, அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 ஜனவரி முதல் ஏழு அம்சங்களை வைத்து, வேலையால் யாருக்கு முதன்மையான பலன் என்று பார்க்கிறது. கல்விக் கிரெடிட்டோடு இணைந்திருப்பது அதில் ஒரு அம்சத்தில்தான் வருகிறது.

கோ-ஆப்பின் கதை வேறு. 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களை வைத்துத் தொடங்கினார்: ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை. இப்போது வாரங்களுக்குப் பதில் மாதங்கள். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்னில் வழக்கமான கோ-ஆப் ஆறு மாதம், முழு நேரம். கனடாவின் வாட்டர்லூவில் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறி வரும். பொறியியல் மாணவர் ஆறு முறை வரை வேலைக்குப் போய்வருவார். பெரும்பாலும் சம்பளம் உண்டு. பல இடங்களில் அந்தக் காலத்துக்கு ட்யூஷன் இல்லை, வாட்டர்லூவைப் போலக் கோ-ஆப் கட்டணம் மட்டும் இருக்கலாம். ஆனால் பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் இதில் பெரிதாக ஏறாது, நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தை நெருங்கலாம்.

என்னைக் கேட்டால், நல்ல கோ-ஆப் அலுவலகம் உள்ள கல்லூரியில் படித்துக்கொண்டு அதைத் தொடாமல் வருவது நஷ்டம். ஆறு மாதம் இருப்பவரை நம்பி முழு வேலையையே ஒப்படைப்பார்கள். பத்து வாரத்தில் இடத்தைப் பழகுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும். ஒன்றை மட்டும் முன்பே விசாரியுங்கள்: கோ-ஆப் காலத்தில் கல்லூரி உங்களைக் குறைந்தது அரை நேர மாணவராகவாவது கணக்கில் வைக்கிறதா? இல்லையென்றால் அரசுக் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கும் முன் உள்ள ஆறு மாத அவகாசம் ஓட ஆரம்பித்துவிடும்.

கோ-ஆப் இல்லாத கல்லூரி, சம்பளம் வரும் கோடை வேலை, கிரெடிட்டும் எதையும் கழிக்கப்போவதில்லை என்றால் கிரெடிட் இல்லாமலே போய்வாருங்கள். ரெஸ்யூமேயில் கிரெடிட் வாங்கினீர்களா என்று ஒரு கட்டம் இல்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழி சுலபமாகத் திறக்காது. கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்கப் பெரும்பாலும் சிபிடி (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி) வேண்டும். அந்த வேலை பாடத்திட்டத்தின் அங்கமாக இருந்தால்தான் சிபிடி கிடைக்கும். அதனால்தான் பல கல்லூரிகள் கிரெடிட் பாடத்தில் பதிவுசெய்யச் சொல்கின்றன. முழு நேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அதே நிலைப் பட்டத்துக்கான ஓபிடி (படித்த துறையில், பெரும்பாலும் பட்டத்துக்குப் பின், வேலை பார்க்கும் அனுமதி) போய்விடும். ஆறு மாதக் கோ-ஆப் இரண்டு என்றால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டாவதற்குக் கையெழுத்திடும் முன் தேதிகளைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டிவிடுங்கள். கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் படிவத்தில் அச்சான சிபிடி தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்பாக வேலையில் இறங்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான்.