மூளைக் காந்தத் தூண்டல் என்ற பெயரில் ஏமாற்று: நீலகிரி மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் தங்கை சில ஆண்டுகளாக மனச்சோர்வு நோயால் அவதிப்படுகிறாள். இரு வேறு மருந்துகளை உரிய அளவில் உரிய காலம் உட்கொண்டும் போதிய பலன் இல்லாததால், கோயம்புத்தூரில் அவளைப் பார்க்கும் மனநல மருத்துவர், டி.எம்.எஸ். எனப்படும் மூளைக் காந்தத் தூண்டலைப் பரிந்துரைத்தார். வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வரை செய்யப்படும் சிகிச்சை அது. காலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கும் ஒருவரை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக நாள்தோறும் இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமல்ல. மலையிலேயே அதே சிகிச்சை கிடைக்கும் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு மையத்தை நாங்கள் நாடியதற்கு இதுவே காரணம். இந்த இயலாமையை நம்பித்தான் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அங்கு மனநல மருத்துவர் எவரும் இல்லை. காந்தங்கள் தைத்த துணித் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி, மெல்லிய இசையை ஒலிக்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். இதைவிடக் கொடுமை, காந்தம் வேலை செய்யும்போது மாத்திரை அதற்குத் தடையாக இருக்கும் என்று சொல்லி, அவள் உட்கொண்டிருந்த மருந்தை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னதுதான். தலைசுற்றலும் தூக்கமின்மையும் எரிச்சலும் வந்தன. அதைக் 'கழிவு வெளியேறுகிறது' என்றார்கள். நிலைமை மோசமானதும் அவளைக் கோவைக்கு அழைத்துச் சென்றோம். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இவையெல்லாம் வரக்கூடும் என்று விளக்கிய மருத்துவர், மருந்தை மறுபடி தொடங்கினார்.

உண்மையான கருவியில், தலையின் இடப்பக்க முன்பகுதியில் வைக்கப்படும் கம்பிச்சுருளுக்குள் மின்சாரம் நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் பாய்ந்து நிற்கிறது. அப்போது எழும் காந்தப்புலம் எம்.ஆர்.ஐ. கருவியின் புலத்துக்கு ஒப்பான வலிமை உடையது. அது வேகமாக மாறுவதால்தான் மூளையின் மேலடுக்கில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அசையாமல் கிடக்கும் காந்தத்தால் இது முடியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் டக்கென்ற ஒலி எழும், கம்பிச்சுருள் இருக்கும் இடத்தில் தலையில் தட்டுவது போலிருக்கும். ஆகவே காதடைப்பான் தருவார்கள். முதல் நாளன்று கைக் கட்டைவிரல் துடிக்கும் அளவைக் கண்டறிந்து, அதை வைத்தே சிகிச்சையின் வலிமையை முடிவு செய்வார்கள். தலைக்குள் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்காமல் தொடங்கவே மாட்டார்கள், ஏனெனில் அரிதாக வலிப்பு வரும் வாய்ப்பு இருக்கிறது. எங்களிடம் இவற்றில் ஒன்றும் கேட்கப்படவில்லை.

விளம்பரத் தாளில் 'அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்றது' என்று அச்சிட்டிருந்தார்கள். எஃப்.டி.ஏ. என்பது அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு; அது மனச்சோர்வுக்கு இச்சிகிச்சையை 2008-இல் அனுமதித்தது உண்மை. அந்த அனுமதி குறிப்பிட்ட கருவிக்கு உரியதே தவிர, காந்தம் வைத்த எல்லாப் பொருளுக்கும் உரியதன்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் 'நலவாழ்வுப் பயிற்சிக் கட்டணம்' என்றிருப்பதைக் காட்டிக் கைவிரித்தார்கள். ரசீதையும் விளம்பரத் தாளையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்துள்ளோம். அங்கே பணம் கட்டிய மற்றவர்களும் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால், முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். உடனே போக வழியில்லையெனில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். தங்கை இப்போது கோவையில் சித்தி வீட்டில் தங்கி, மருத்துவமனையில் முறையான சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறாள். எல்லோருக்கும் அது பலிப்பதில்லை என்பதையும் அங்கே முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.