டவுனில் வேலை எடுத்துத் தரும் இடம்: ஐந்துக்கு மூன்று

மட்டக்களப்பு டவுனில் வேலை எடுத்துத் தரும் ஒரு இடத்தில் போன தை மாதம் பதிந்தேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சின்னது. 'அம்மாமாருக்குப் பகுதிநேர வேலை' என்று பேஸ்புக்கில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் போனது. பதிவுக்காசு 1000 ரூபா, வேலை சரிவந்தால் முதல் மாதச் சம்பளத்தில் பாதி. ஐந்துக்கு மூன்று குடுக்கலாம், அதிலும் இரண்டு அங்கே மேசையில் இருக்கும் ஒரு பிள்ளைக்குத்தான்.

என் நிலைமை இது. சின்னவளுக்கு நாலு வயது, முன்பள்ளி 11.30க்கு விடும். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் 1.30 வரை. இவர் அரசாங்க உத்தியோகம், 4.15க்கு வரவு மெஷினில் விரலை வைத்துவிட்டு வெளிக்கிட்டால் கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வர நாலரை ஆகும். ஆக, காலையில் எட்டிலிருந்து பதினொன்று, இல்லாவிட்டால் நாலரைக்குப் பிறகு. இதற்குள் அடங்குகிற வேலைதான் எனக்கு வேலை.

படிவம் இரண்டு பக்கம். கலியாணமானவரா, பிள்ளைகள் எத்தனை, கணவர் என்ன தொழில், ஸ்கூட்டி ஓடத் தெரியுமா, எல்லாம் கேட்கிறார்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வர ஏலும் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை! நானே ஓரத்தில் பேனையால் எழுதிக் குடுத்தேன். மனேஜர் அதைப் பார்க்கவேயில்லை, "அம்மம்மா இருக்காதானே?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் போன எல்லா இடத்திலும் கேட்டார்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுத்துக் கட்டி வைக்கிற ஊர் இது, தாயும் மகளும் ஒரே வளவில்தான் இருப்பார்கள், ஆகவே பிள்ளை பார்க்க எப்போதும் ஆள் உண்டு என்று முதலாளிமார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் ஒரே வளவுதான். ஆனால் அவவுக்கு இரண்டு முழங்காலிலும் வருத்தம், சின்னவளோ கேற்றுக் கொளுக்கியைத் தானே கழற்றப் பழகிவிட்டாள், அவள் ரோட்டுக்கு இறங்கினால் பிடித்துக்கொண்டு வர அம்மாவால் ஏலாது.

முதல் அனுப்பியது ஒரு புடவைக்கடைக்கு. பகுதிநேரம் என்றால் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணியாம், முழுநேரப் பிள்ளைகள் இரவு எட்டு வரை நிற்பதால் இது பகுதியாம். சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஒரு கணக்கு ஒஃபிஸ், 8.00 முதல் 11.00. கேட்கும்போதே சந்தோஷம். போய் இருந்து கதைத்தால், மாதக் கடைசியில் "கொஞ்சம் இருந்து முடிச்சிட்டுப் போகணும்" என்கிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன், "அத மறுகா பாப்பம் தங்கச்சி". பகுதிநேரம் என்பதால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது என்றும் சொன்னார்கள், அது சுத்தப் பிழை. பகுதிநேர ஆளுக்கும் முதலாளி 12 வீதம் போட்டே ஆக வேண்டும், நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பார்கள், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனியாக முதலாளியின் கையிலிருந்து. கேட்டதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே எழும்பிவிட்டேன். டே கெயாரில் விடலாமே என்பீர்கள், அந்த மூன்று மணித்தியாலச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு அந்த மேசைப் பிள்ளை கோல் எடுத்து, "அக்கா, ஓரத்தில நேரம் எழுதியிருக்கிறீங்க, பின்னேரம் எண்டாலும் வருவீங்களா?" என்று கேட்டாள். டொக்டர்மாரைக் காசு கட்டிப் பார்க்கிற சனல் சென்டர் ஒன்றில் நோயாளிகளுக்கு நம்பர் குடுக்கிற வேலை, 5.00 முதல் 8.30. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் டொக்டர்மார் பின்னேரம்தானே பிரைவேட்டுக்கு வருவார்கள், அதனால் அந்த வேலை தொடங்குவதே இவர் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் லீவு வந்தாலும் பிள்ளைகளை எங்கே விடுவது என்ற தலையிடி இல்லை. இவ்வளவு நாளும் காலை வேலையையே துரத்திக்கொண்டு திரிந்தது என் பிழையும்தான். கஷ்டமும் இருக்கிறது, நான் வரும்போது சின்னவள் அநேகமாக நித்திரை, இவர் வைக்கிற சோறு ஒரு நாள் குழைவு, ஒரு நாள் வேகாத விதை.

காசு கட்டாமலும் பதியலாம். பிரதேச செயலகத்தில் மனிதவலு திணைக்கள உத்தியோகத்தர் இருப்பார், அங்கே பதிவு இலவசம். எனக்கு இது பிறகுதான் தெரியவந்தது.

பாதிச் சம்பளத்தைக் கட்டப் போனேன். படிவம் இன்னும் அதே படிவம். அந்தப் பிள்ளை மட்டும் புதிதாக வந்த ஒருவவிடம் நேரத்தைக் கேட்டு மேலே சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டிருந்தாள். மனேஜர் காசை எண்ணி லாச்சிக்குள் போட்டார், ரசீது தரவில்லை. இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்கினேன், நீங்களும் கேட்டு வாங்குங்கள்.