சிறந்தவர் மொன்டானாவா, ஸ்டீவ் யங்கா?
அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக, சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் அணிக்கு ஜோ மொன்டானா 4 சூப்பர் பவுல்களை, அதாவது லீக்கின் இறுதிப் போட்டிகளை, வென்று தந்தார். அந்த நான்கிலும் அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணி இடைமறிக்கவில்லை. 1989 ஜனவரியில், சின்சினாட்டியிடம் 3 புள்ளிகள் பின்தங்கியிருந்த இறுதி நிமிடங்களில், அணியைப் பதறாமல் 92 யார்டு நகர்த்தி, 34 விநாடிகளே எஞ்சியிருக்க, சக வீரர் ஜான் டெய்லரிடம் பந்தைச் சேர்த்து வெற்றியைத் தேடித் தந்தார். அந்த நிதானத்திற்காகவே என் தேர்வு மொன்டானா.

1987இல் அதே அணிக்கு வந்த இடக்கை குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங்கோ ஓட்டத்தில் அவரை விஞ்சியவர். 1988இல் மின்னசோட்டா வீரர்களை உதறிவிட்டு 49 யார்டு ஓடி, கடைசி அடிகளில் கால் தடுமாறி விழுந்தபடியே எல்லைக்கோட்டைத் தொட்டதை மறக்க முடியாது. மொன்டானாவின் நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அவர், 1995 ஜனவரி சூப்பர் பவுலில் 6 டச்டவுன்களுக்கு (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுதல்) பந்தெறிந்து சாதனை படைத்தார்.