எபிடியூரல் ஊசி உறையைத் துளைத்துவிட்டால்: முன்கூட்டியே தடுப்பதா, காத்திருந்து பிளட் பேட்ச் செய்வதா?

பிரசவ வலி தணிக்கப் போடும் எபிடியூரல் ஊசி, தண்டுவடத்தைச் சூழ்ந்த டியூரா உறையைத் தற்செயலாகத் துளைத்துவிடுவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு நேர்கிறது. ஊசி பருமனானது என்பதால் துளை வழியே தண்டுவடத் திரவம் கசிகிறது. அவ்வாறு துளைபட்ட தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள், எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளப்பதும் படுத்தால் தணிவதுமான தலைவலி வருகிறது. என் முதல் பிரசவத்தில் இது நேர்ந்தபோது, மயக்க மருந்து நிபுணர் சொன்ன மூன்று வழிகளில் நான் தேர்ந்தது முதலாவதை: காத்திருந்து, தலைவலி வந்தால் பிளட் பேட்ச், அதாவது தாயின் ரத்தத்தையே முதுகில் செலுத்தித் துளையை அடைக்கும் சிகிச்சை, செய்துகொள்வது.

அசையாமல் படுத்திருப்பதும் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் இத்தலைவலியைத் தடுப்பதில்லை. பிரசவித்த பெண் நெடுநேரம் படுத்தே கிடந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். காப்பி சிறிது நேரம் ஆறுதல் தரும். பாலூட்டும் தாய்க்கு அதற்கும் அளவுண்டு.

இரண்டாவது வழி, துளைபட்ட இடம் வழியாகவே மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஒரு நாள் வரை வைத்திருப்பது. பிரசவ வலி உடனே அடங்கும் என்பது இதன் பெரிய நன்மை. தலைவலியைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. எபிடியூரலுக்கு உரிய பெரிய அளவு மருந்தை யாரேனும் தவறுதலாக இக்குழாயில் செலுத்திவிட்டால் மூச்சே நின்றுபோகலாம் என்பதால், பணி மாறும் ஒவ்வொருவருக்கும் அது எந்தக் குழாய் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இது செய்யப்படவில்லை. ஆகவே அதன் நிறைகுறையை இதற்கு மேல் எடைபோட நான் தகுதியானவள் அல்லள்.

மூன்றாவது, தலைவலி வரும் முன்பே, பிரசவம் முடிந்ததும், வலி தணிக்க டியூரா உறைக்கு வெளியே வைத்த எபிடியூரல் குழாய் வழியாகத் தாயின் ரத்தத்தைச் செலுத்துவது. மீண்டும் ஊசி குத்தத் தேவையில்லை என்பதால் இது மனத்தைக் கவர்கிறது. ஆனால் 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிச் செய்துகொண்டவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே தலைவலி வந்தது. அது நீடித்த நாள்கள்தாம் குறைந்தன. தலைவலியே வராமல் போயிருக்கக்கூடிய தாயும் இம்முறையில் வீணாக ஒரு சிகிச்சைக்கு உள்ளாகிறாள்.

என் முடிவைத் தீர்மானித்தது நேரம்தான். துளையிலிருந்து ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வந்ததைக் கவனித்து, கார்ம்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1960-இல் தொடங்கிவைத்த சிகிச்சை பிளட் பேட்ச். கையிலிருந்து எடுத்த சுமார் 20 மி.லி. ரத்தத்தை டியூரா உறைக்கு வெளிப்புறமுள்ள எபிடியூரல் இடைவெளியில் மெதுவாகச் செலுத்துவார்கள். முதுகில் அழுத்தமோ வலியோ மிகுந்தால் நிறுத்திவிடுவார்கள். அந்த ரத்தம் உறைந்து துளையை அடைக்கிறது. துளைபட்ட முதல் 24 மணி நேரத்துக்குள் செய்தால் இது தோற்பது அதிகம். கசிவு மிகுதியாக உள்ள அந்த நேரத்தில் உறைவு நிலைப்பது கடினம் என்று கருதப்படுகிறது. அதே ரத்தம் ஒருநாள், இருநாள் கழித்து, தலைவலி உறுதியான பிறகு செலுத்தப்பட்டால் பலன் மேலோங்குகிறது. எனக்கு ஒரே முறையில் முற்றிலும் நீங்கியது. ஆனால் அது என் நல்வாய்ப்பு. இத்தகைய பெரிய துளைக்கு முழு நிவாரணம் ஒரு முறையிலேயே கிடைப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. பலருக்கு ஓரளவு தணியும். சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும்.

காத்திருப்பது என்றால் கவனிக்காமல் இருப்பது அன்று. சுகப்பிரசவமான தாயை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தலைவலியோ அதற்குப் பிறகே வரக்கூடும். அப்போது வீட்டில் பெரியவர்கள் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று சொல்லிச் சாம்பிராணிப் புகை போடுவார்கள்; அன்பினால்தான், எனினும் பொன்னான நாள்கள் கழிந்துவிடும். எனவே மயக்க மருந்து நிபுணரை நேரடியாக அழைக்க முடிகிற மருத்துவமனையில்தான் இவ்வழியைப் பரிந்துரைப்பேன். வெகுதொலைவு ஊருக்குத் திரும்ப வேண்டிய தாய்க்கு, நாள்கள் குறைவதாவது மிஞ்சும் என்ற முறையில், மூன்றாவது வழியையும் மருத்துவரிடம் கேட்டுப்பார்ப்பது நியாயமே.

படுத்தாலும் தணியாத தலைவலி, வலிப்பு, மயக்கம், பார்வைக் குறைபாடு, கைகால் தளர்ச்சி, காய்ச்சல், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலி தீர்ந்த பின்னும், உறை துளைபட்டது என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிரசவத்தில் முதுகில் ஊசி போடுபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.